பதினோராவது எதிரி

சிதம்பரத்தில் கோர்ட்டுக்கு எதிரே வரிசையாக இருக்கும் ஜெராக்ஸ் கடைகளில் மூன்றாவது என்னுடையது. பெயர் ஜான்சி கம்ப்யூட்டர்ஸ். ஜான்சி என் மனைவி, நான் சார்லஸ். கடை திறந்த புதிதில் போர்டில் என் பெயருக்குக் கீழே 'சட்ட ஆலோசகர்' என்று எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் நான்கு வக்கீல்கள் வந்து போர்டை அண்ணாந்து பார்த்தார்கள். திட்டவில்லை, மிரட்டவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார்கள். அன்று சாயங்காலமே ஏணி போட்டு ஏறி 'ஆலோசகர்' என்பதைச் சுரண்டிவிட்டு 'தகவல்' என்று எழுதிவிட்டேன். இப்போது அது 'சட்ட தகவல்' என்று இருக்கிறது. நடுவில் ஒற்று வரவேண்டும் என்று இதுவரை மூன்று தமிழ் வாத்தியார்கள் வந்து சொல்லிவிட்டார்கள்.

என் பிழைப்பு, யார் மேல் என்ன வழக்கு இருக்கிறது என்று தேடிக் கொடுப்பது. இதற்குப் பெரிய ரகசியமெல்லாம் கிடையாது. கோர்ட்டுக்கு ஒரு வெப்சைட், போலீசுக்கு ஒரு வெப்சைட், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் பேரை இங்கிலீஷில் அடிக்க வேண்டும். கொளஞ்சியப்பன் என்ற பேரை இங்கிலீஷில் எழுதப் பதினான்கு வழி இருக்கிறது. நம் ஆட்கள் ஒரு வழியில் அடித்துப் பார்த்து, 'ரெக்கார்டு இல்லை' என்று வந்தால் நம்பி எழுந்து போய்விடுவார்கள். நான் பதினான்கையும் அடித்துப் பார்ப்பேன். இதைத் தவிர என்னிடம் வேறு திறமை எதுவும் கிடையாது என்று ஜான்சி சொல்வாள்.

பெண் கொடுக்கப் போகிறவர்கள் மாப்பிள்ளை பேரைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் வருவார்கள். ஒரு தடவை பக்கிரி என்று ஒரு பெரியவர் கதிர்வேல் என்ற மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டு வந்தார். நான் வேறு ஒரு கதிர்வேலின் சாராய வழக்கை எடுத்துக் கையில் கொடுத்து, நிச்சயதார்த்தம் வரைக்கும் வந்த சம்பந்தத்தை நிறுத்தப் பார்த்தேன். நிஜ மாப்பிள்ளை தன் அண்ணன் தம்பி நான்கு பேரோடு கடைக்கு வந்து, தன் அப்பா பேர் என்ன என்பதை எனக்கு நிதானமாக விளக்கிச் சொன்னார். அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது அப்பா பேரைத்தான்.

இப்படி ஊராரின் வழக்கையெல்லாம் தேடுகிற எனக்கும் ஒரு வழக்கு உண்டு. அதாவது, உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். 'தானே' புயல் அடித்து ஒன்றரை மாதம் ஆகியும் நிவாரணம் வரவில்லை என்று புவனகிரியில் சாலை மறியல் நடந்தது. நானும் உட்கார்ந்தேன். இருபத்து மூன்று பேரைக் கைது செய்து ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து, மத்தியானம் தக்காளி சாதம் கொடுத்து, சாயங்காலம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். நடந்தது இவ்வளவுதான். நான் சொல்லும்போது இது இன்னும் கொஞ்சம் நீளும். "பேரைச் சொல்லு" என்று போலீஸ் கேட்டதும் நான் நெஞ்சை நிமிர்த்தி, "சுப்புராயன் மகன் சார்லஸ், எழுதிக்கங்க" என்று மண்டபமே அதிரச் சொன்னதாக வரும். மூன்றாம் வருஷத்திலிருந்து முழங்காலில் ஒரு லத்தி அடியும் சேர்ந்துகொண்டது. அந்த முழங்கால் வலி, வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டியோடு விழுந்ததால் வந்தது. கடைசியாக, குரூப் ஃபோர் பரீட்சையில் தேறியும் இந்த வழக்கினால்தான் எனக்கு அரசாங்க வேலை பறிபோனது என்று முடிப்பேன். பெண் பார்க்கப் போனபோது மாமனாரிடமும் இதையே சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டார். வேலை வெட்டி இல்லாதவனுக்கு அவர் பெண் கொடுத்ததற்கு இந்த ஒரு கதைதான் காரணம்.

ஜான்சி மட்டும் விடமாட்டாள். "ஊர்ல இருக்கறவன் கேஸெல்லாம் கண்டுபுடிக்கிற. உன் கேஸ் மட்டும் கெடைக்க மாட்டேங்குது பாரு. தியாகியாச்சே, பென்சனுக்கு எழுதிப் போடலாம்னு நானும் எத்தினி வருசமா பாத்துக்கினு இருக்கறேன்" என்பாள். நானும் யாரும் இல்லாத நேரத்தில் என் பேரைத் தேடிப் பார்த்திருக்கிறேன். சார்லஸை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் அடித்தேன். வரவில்லை. பழைய ரெக்கார்டெல்லாம் இன்னும் கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

போன வருஷம் ஆடி மாதம் ஜெயப்பிரகாஷ் கடைக்கு வந்தான். ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். புவனகிரியில் அவன் வீடு மேட்டுத்தெரு, எங்கள் வீடு அதற்கும் அந்தப் பக்கம். பள்ளிக்கூடம் விட்டால் அவன் அம்மா ரத்தினம்மாள் எனக்கும் சேர்த்துத்தான் சோறு போடுவார். பிற்பாடு அவன் கடலூர் செம்மண்டலத்தில் வாடகை வீடு பார்த்துக்கொண்டு போய், கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"மச்சான், ஓமன்ல கிரேன் ஆபரேட்டர் வேலை கெடச்சிருக்குடா. விசாவெல்லாம் ரெடி. போலீஸ் சர்ட்டிபிகேட் ஒண்ணுதான் பாக்கி. அதுக்குப் போட்டா, உன்மேல கேஸ் நிலுவையில இருக்குதுன்னு லெட்டர் அனுப்பியிருக்கான்" என்று ஒரு தாளை நீட்டினான்.

"ஒன்மேலயா? என்னா கேஸ்?"

"அதான் தெரியலயே. நான் ஒரு பஞ்சாயத்துல கூட நின்னதில்ல. அடுத்த மாசம் கடைசிக்குள்ள சர்ட்டிபிகேட் வரலன்னா வேற ஆள எடுத்துக்குவோம்னு கம்பெனிக்காரன் சொல்லிட்டான். நீதான்டா பாத்துக் குடுக்கணும்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, பெரிய டாக்டர் மாதிரி விரல்களைச் சொடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டாவது ஸ்பெல்லிங்கில் வந்து விழுந்தது. ஜெயப்பிரகாஷ், தகப்பன் பேர் கொளஞ்சியப்பன். அப்பா பேர் சரியாக இருந்தது. விலாசம் புவனகிரி மேட்டுத்தெரு, அதுவும் சரியாக இருந்தது. சட்டவிரோதமாகக் கூடி, சாலையை மறித்தது. வருஷம் 2012, பிப்ரவரி. மற்ற இருபத்திரண்டு பேரும் அபராதம் கட்டி முடித்துவிட்டார்கள். சம்மன் போனபோது விலாசத்தில் ஆள் இல்லை என்று பதினோராவது எதிரி மட்டும் தலைமறைவு, வாரண்ட் நிலுவை. குற்றம் சாட்டப்பட்டவரை எங்கள் ஊர்ப் போலீஸ் தாளில் 'எதிரி' என்றுதான் எழுதுவார்கள்.

அந்த மண்டபத்தில் ஜெயப்பிரகாஷ் இல்லை. அன்றைக்கு அவன் தன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காகப் பாண்டிச்சேரியில் இருந்தான். மண்டபத்தில் இருந்தது நான்.

மறந்துபோயிருந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களோ என்னவோ. பன்னிரண்டு வருஷமாக மாற்றி மாற்றிச் சொன்னதில் நானே என் கதையை நம்பிவிட்டிருந்தேன். உண்மையில் நடந்தது வேறு. மண்டபத்தில் சாப்பாட்டு மேசையைப் போட்டு ஒரு ஏட்டையா உட்கார்ந்து, வரிசையாகப் பேர் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் பத்துப் பேர். "கேஸ் விழுந்தா கவர்மென்ட் வேலை கெடையாதாம்" என்று எவனோ பின்னாலிருந்து சொன்னான். நான் அப்போது குரூப் ஃபோருக்கு விண்ணப்பம் போடுவதாக இருந்தேன். என் முறை வந்தது. பேர் என்ன என்றார். ஜெயப்பிரகாஷ் என்றேன். அப்பா பேர்? கொளஞ்சியப்பன். "சத்தமா சொல்லுய்யா" என்று அதட்டினார். காட்டிய இடத்தில் அவன் பேரைக் கையெழுத்தாகவும் போட்டுவிட்டு வந்தேன். மண்டபம் அதிர்ந்ததெல்லாம் பிற்பாடு நான் சேர்த்தது. அந்தக் குரூப் ஃபோர் பரீட்சையில் நான் வாங்கிய மார்க்கை ஜான்சியிடம்கூடச் சொன்னதில்லை.

"என்னாடா, கெடச்சிதா?" என்றான் ஜெயப்பிரகாஷ்.

"சர்வர் ஸ்லோவா இருக்குடா" என்றேன்.

அவன் பொறுமையாகப் போய் டீ வாங்கிவந்து எனக்கும் கொடுத்தான். அதைக் குடித்துக்கொண்டே யோசித்தேன். மறைக்க வழியில்லை, நான் காட்டாவிட்டால் பக்கத்துக் கடைக்காரன் காட்டுவான். கடைசியில் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"நான் மறியல்லாம் பண்ணதில்லயே" என்று அவன் திகைத்தான். "எவன்டா இது, எங்கப்பா பேரெல்லாம் சொல்லியிருக்கான்?"

"யாராவது ஒன்ன நல்லா தெரிஞ்சவனாத்தான் இருக்கணும்" என்றேன். என் வாயிலிருந்து அன்று வந்த ஒரே உண்மை அது.

"கெடச்சான்னா அவன் பல்ல ஒடச்சிடுவேன். சரி விடு, நீ இருக்கறப்ப எனக்கு என்னா கவலை" என்று என் தோளைத் தட்டிவிட்டு பஸ் ஏறினான்.

கார்த்திகேசன் வக்கீலிடம் அவனைக் கூட்டிப்போனதும் நான்தான். வழக்குத் தாள்களுக்கு நகல் மனுப் போட்டதும் நான்தான். வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரெண்டு வழி இருக்குங்க. நான் அவன் இல்லன்னு கேஸ் நடத்தலாம். சாட்சி, கையெழுத்துச் சோதனைன்னு மாசக்கணக்கா ஆவும். இல்லன்னா ஒத்துக்கிட்டு அபராதம் கட்டுங்க, ஒரே நாள்ல முடிஞ்சிடும். ஆனா தண்டனை ஆனதா ரெக்கார்டுல ஏறும். அதப் பாத்துட்டு ஓமன் கம்பெனிக்காரன் எடுத்துக்குவானா மாட்டானான்னு நான் உத்தரவாதம் குடுக்க முடியாது" என்றார்.

"மாசக்கணக்கா எனக்கு டைம் இல்லீங்க. ஒத்துக்கிறேன்" என்றான் ஜெயப்பிரகாஷ். பிறகு என் பக்கம் திரும்பி, "சரிதானடா?" என்று கேட்டான்.

நான் தலையாட்டினேன். சரி என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை, மாடு ஈ ஓட்டுகிற மாதிரி ஓர் ஆட்டல். அவன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டான்.

ஒத்துக்கொள்வதற்குக் குறித்த நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் நகல் வந்தது. அதில் கடைசித் தாள் மண்டபத்தில் எழுதி வாங்கிய ஜாமீன் பத்திரம். நான் அந்த நகலை மேசை மேல் வைத்துவிட்டு, கடை வாசலில் நின்ற ஒருவரிடம் பேசிவிட்டு வருவதற்குள் ஜான்சி அதைப் புரட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையெழுத்து மேல் விரலை வைத்தாள்.

"இது யாரு போட்டது?"

"ஜெயப்பிரகாஷ் பேர்ல எவனோ..."

"ஜவுக்குக் கீழ இப்படி ரெண்டு சுழி சுழிக்கிறவன் ஒலகத்துலயே ஒருத்தன்தான். கல்யாணம் ஆன நாள்லேந்து எம்பேர இப்படித்தான எழுதுற?"

அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன், போடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தாளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா சாவற வரைக்கும் எம் மருமவன் ஜனத்துக்காக ஜெயிலுக்குப் போனவன்னு சொல்லிக்கினு இருந்தாரு. சர்ச்சுல கூட சொல்லுவாரு" என்றாள். "நான் கிண்டல் பண்ணிக்கினு இருந்தாலும் உள்ளுக்குள்ள நம்பினேன்யா."

அந்த வார்த்தைக்கு லத்தி அடியே தேவலாம். வாங்கியதில்லை, இருந்தாலும் அப்படித்தான் இருந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்கு அந்த அண்ணன் கூண்டுல ஏறி ஒத்துக்கறதுக்குள்ள நீ சொல்லணும். இல்லன்னா நான் வந்து சொல்லுவேன்."

மறுநாள் நீதிபதி லீவு போட வேண்டும் என்று வேளாங்கண்ணி மாதாவை வேண்டிக்கொண்டேன். மாதா கேட்கவில்லை, நீதிபதி ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். ஜெயப்பிரகாஷ் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தான். பின்வரிசை ஓரத்தில் அவன், அவனுக்குப் பக்கத்தில் நான், எனக்கு அந்தப் பக்கம் கடையைப் பூட்டிவிட்டு வந்த ஜான்சி. சொல்லத்தான் நினைத்தேன். "மச்சான்" என்று இரண்டு தடவை ஆரம்பித்தேன். "என்னாடா?" என்று அவன் திரும்பும்போதெல்லாம் ஃபேன் சத்தம் ஜாஸ்தி என்றேன்.

வழக்கு எண்ணைச் சொல்லிவிட்டு, கோர்ட் உதவியாளர் வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். "ஜெயப்பிரகாஷ்... ஜெயப்பிரகாஷ்... ஜெயப்பிரகாஷ்..." மூன்று தடவை கூப்பிடுவது வழக்கம். மூன்றாவது தடவைக்கு இரண்டு பேர் எழுந்து நின்றோம். அவன் ஒரு காலை முன்னால் வைத்தான். நான் அவனைத் தாண்டிக்கொண்டு போய்க் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றேன்.

நீதிபதி அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். "இதுல யாருப்பா ஜெயப்பிரகாஷ்?"

"அவருதாங்கம்மா ஜெயப்பிரகாஷ்" என்று கையைக் காட்டினேன். "எதிரி நான்தாங்க."

கார்த்திகேசன் வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். நீதிபதி கேட்கக் கேட்க நான் எல்லாவற்றையும் சொன்னேன். மண்டபம், ஏட்டையா, குரூப் ஃபோர், கையெழுத்து. ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து ஜெயப்பிரகாஷ் என்று எழுதச் சொன்னார். எழுதினேன். இரண்டு சுழியும் தவறாமல் விழுந்தது. "ஏன்யா, எதிர்க்கடையில சட்ட தகவல்னு போர்டு போட்டிருக்கறது நீதானே?" என்று கேட்டார். கோர்ட் முழுக்கச் சிரித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். ஜெயப்பிரகாஷ் சிரிக்கவில்லை. எழுந்து நின்றவன் உட்காராமலே நின்றுகொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசவில்லை. வக்கீலிடம் பேசுவான், அவர் எனக்குச் சொல்லுவார். நான் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன், போலீசார் விசாரித்து அறிக்கை வைத்தார்கள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிச் சீட்டை ரத்தினம்மாள் பத்திரமாக வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. ஜெயப்பிரகாஷுக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை என்று எழுதி, எதிரியின் பேரை மாற்றினார்கள். நான் குற்றத்தை ஒத்துக்கொண்டேன். பொய்ப் பேர் கொடுத்ததற்கே தனியாக வழக்குப் போடலாம் என்று நீதிபதி கடுமையாக எச்சரித்துவிட்டு, அபராதமும், கோர்ட் கலையும்வரை காவலும் விதித்தார். அதாவது அன்று சாயங்காலம் வரை கோர்ட்டிலேயே ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். என் வாழ்க்கையில் நான் நிஜமாக அனுபவித்த சிறை அது. இந்தத் தடவை தக்காளி சாதமும் கிடையாது.

கோர்ட் கலைந்து வெளியே வந்தபோது ஜெயப்பிரகாஷ் வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். உத்தரவின் நகலுக்காகக் காத்திருந்தான் போல. நான் பக்கத்தில் போய் நின்றேன். முதலில் அவன்தான் பேசினான்.

"ஊர்ல அத்தினி பேரு இருக்கறப்ப என் பேர ஏன்டா சொன்ன?"

"பயத்துல வாயில வந்துடுச்சிடா."

"பொய் சொல்லாத."

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கூண்டில் நின்றபோதுகூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இல்லை.

"எனக்கு ஒரு குழி நெலம் கெடையாது, வேலை கெடச்சாத்தான் சோறு. ஒனக்கு நாலு ஏக்கர் இருக்குது. ஒரு கேஸு ஒன்ன என்னா பண்ணிடப் போவுதுன்னு நெனச்சேன்டா" என்றேன்.

"அந்த நாலு ஏக்கர வித்துதான்டா அம்மாவுக்கு வைத்தியம் பாத்தேன். மிச்சத்த ஓமன் ஏஜெண்டுக்குக் கட்டியிருக்கேன்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நிலத்தை விற்றது எனக்குத் தெரியாது. எந்த வருஷம் விற்றான், ரத்தினம்மாளுக்கு என்ன உடம்பு, எதுவும் தெரியாது. செம்மண்டலத்துக்கு ஏன் வாடகைக்குப் போனான் என்று நான் கேட்டதே இல்லை. அவன் வரும்போதெல்லாம் நான் என் மண்டபக் கதையைச் சொல்லுவேன், அவன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் நகலை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டான்.

மாதக் கடைசிக்கு ஐந்து நாள் இருக்கும்போது சர்ட்டிபிகேட் வந்தது. ஓமனுக்குப் போகிற அன்று காலையில் அவன் கடைக்கு வந்தான். நான் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவன் உட்காரவில்லை. நின்றபடியே ஜான்சியிடம் சர்ட்டிபிகேட்டைக் காட்டினான். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிப் படித்துவிட்டு, "நல்லபடியா போய்ட்டு வாங்கண்ணே. அம்மாவ நான் போய்ப் பாத்துக்கறேன்" என்றாள்.

"போய்ட்டு வரேம்மா" என்று அவளிடம் சொன்னான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினான். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அவனுக்கு மூன்றடி தூரத்தில்தான் நின்றிருந்தேன். என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டான்.